கிழக்கே எழுபது நிமிடம்

"என் பொண்ணு தூங்கறா சார்" என்றார் வந்தவர்.

"தூக்க மருந்து!" என்றார் நிபுணர்.

வந்தவர் இன்னும் நாற்காலியில் முழுசாக உட்காரக்கூட இல்லை. உடம்பு பாதி காற்றில் இருக்கும்போதே தன் வழக்கு முடிந்துவிட்டதைக் கண்டு மிரண்டு, அப்படியே நின்றார்.

"உக்காருங்க" என்றாள் ஊசி. "சார் எப்பவும் முதல்ல தீர்ப்பைச் சொல்லிடுவாரு. விசாரணை அப்புறம்தான்."

ஊசி, நிபுணரின் உதவியாளர். வயது ஐம்பது. பதினெட்டு வருடம் தபால் அலுவலகத்தில், விலாசம் புரியாத கடிதங்களைக் கொண்டுவந்து கொட்டும் மேஜையில் வேலை பார்த்தவள். 'பெரியப்பா, மரத்துக்கு எதிர் வீடு' என்று மட்டும் எழுதிய உறையைக்கூட உரிய பெரியப்பாவிடம் சேர்த்திருக்கிறாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள ரிஜிஸ்தரில் பத்திரமாக இருந்தது. வாயைத் திறந்தால் குத்துவாள் என்பதால் மற்றவர்களுக்கு ஊசி.

நிபுணரின் கதை வேறு. சலவைக் கடைக்கு மேலே மாடியறையைப் பிடித்ததும் வாசலில் பலகை எழுத ஆள் வைத்தார். பெயின்டர் முதல் எழுத்தையே ஆசை ஆசையாகப் பெரிதாகப் போட்டுவிட்டான். பலகையில் 'நிபுணர்' மட்டும்தான் அடங்கியது. யார், எதில் என்பதற்கெல்லாம் இடம் இல்லை. அன்றிலிருந்து ஊரில் எவருக்கும் அது தெரியாது. நிபுணருக்கும் தெரியாது என்பது ஊசியின் கணிப்பு.

வந்தவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். உட்கார்ந்ததும் இடது பாக்கெட்டிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். உள்ளே வைத்தார். வலது பாக்கெட்டிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். அதையும் வைத்தார். மிட்டாய்க்காரர் பாக்கெட்டில் மிட்டாய் இருப்பது போலத்தான் என்று ஊசி அப்போது நினைத்துக்கொண்டாள். பிறகு அதற்காகத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

"பொண்ணுக்கு எட்டு வயசு. மிளகுன்னு கூப்பிடுவோம்" என்றார் கடிகாரக்காரர். "ஒரு வாரம் அவங்கம்மா வீட்டுல, ஒரு வாரம் என் வீட்டுல. வெள்ளிக்கிழமை கைமாறும். காலைல அவ ஸ்கூல்ல விடுவா, சாயங்காலம் நான் கூட்டிட்டு வருவேன். நாங்க ரெண்டு பேரும் மூஞ்சி பாக்க வேண்டியதில்ல. எட்டு வாரமா என் வீட்டுக்கு வர்ற வெள்ளிக்கிழமையெல்லாம், சரியா ஏழு இருபதுக்கு, குழந்தை சூப் கிண்ணத்துல தலையை வெச்சுத் தூங்கிடறா. போன தடவை காதுல பட்டாணி போயிடுச்சு."

"மருந்து பலமானது" என்றார் நிபுணர்.

"மருந்தெல்லாம் இல்ல சார். அவ ஊரை விட்டுக் கிளம்பப் போறா. குழந்தையோட. கிழக்கே! நல்லாத் தெரியும் எனக்கு."

ஊசி பென்சிலை நிறுத்தினாள். தூக்கத்திலிருந்து கிழக்கு வரை வந்த வழி அவளுக்குப் பிடிபடவில்லை. ஒரு ஓரமாகக் குறித்துக்கொண்டாள்.

"நீங்க புருஷன் பொண்டாட்டி தானே?" என்றாள்.

"கல்யாணம் பண்ணிக்கல."

"ஏன்?"

"நேரம் ஒத்துவரல. பதினோரு மணிக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ்னு பேச்சு. அவ பஸ் நிலையத்துல டைம் கீப்பர். என் கடிகாரப்படி நான் சரியாப் பதினொண்ணுக்குப் போனேன். அவ வாட்ச்படி பதினொண்ணு நாலு. எது சரின்னு வாசல்லயே நின்னு பேசிட்டு இருந்தோம். ஆபீஸை மூடிட்டாங்க."

"இன்னொரு நாள் போயிருக்கலாமே?"

"இன்னும் பேசி முடியல மேடம்."

பேசி முடிவதற்குள் நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள், மிளகு பிறந்திருக்கிறாள், அதே நாலு நிமிடத்துக்காகப் பிரிந்தும் ஆகிவிட்டது. தாலியோ மோதிரமோ பத்திரமோ இல்லாததால் இருவருக்கும் நடுவே இருந்த ஒரே காகிதம், குடும்ப சமரச அலுவலகத்தில் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அதில் ஒரு வரி கொட்டை எழுத்தில் இருந்தது. ஊரை விட்டுப் போக நினைப்பவர் அறுபது நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒளித்துத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டால் குழந்தை முழுசாக மற்றவரிடம் போய்விடும்.

"இன்னிக்கு நாலு மணிக்குப் புதுக் கையெழுத்து" என்றார் கடிகாரக்காரர். குரல் கொஞ்சம் உடைந்தது. "அதுக்குள்ள நிரூபிச்சாகணும் சார். இல்லேன்னா அவ கையெழுத்தைப் போட்டுட்டு ஒரு நாள் காலைல கிளம்பிடுவா. அப்புறம் நான் வெள்ளிக்கிழமை ஸ்கூல் வாசல்ல போய் நின்னு யாரைக் கூட்டிட்டு வர்றது?"

கீழே இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி எழுந்து ஜன்னல் வழியே வந்து நிபுணரை மூடியது. ஆவி விலகியபோது அவர் கண்கள் மூடியிருந்தன. அவர் ஆழ்ந்து சிந்திக்கும் முறை அது. சிந்தனை லேசாகக் குறட்டை விட்டது.

"சார்!"

"மாறுவேஷம்" என்றார் நிபுணர், கண் திறக்காமலே.

*

நிபுணரின் மாறுவேஷப் பெட்டியில் பதினோரு வேஷங்கள் உண்டு. எல்லாவற்றிலும் அவர் நிபுணர் மாதிரியே இருப்பார். இன்று பயணி: கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மஃப்ளர், கையில் காலி சூட்கேஸ்.

"பயணி மாதிரி நின்னு அவளை வேவு பாக்கறேன். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது" என்றார்.

பஸ் நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் டைம் கீப்பர் நின்றிருந்தாள். ஒல்லியான உருவம், உதட்டில் விசில். அவள் ஊதினால் பஸ் நகர்ந்தது. அவள் பார்த்தால் டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார்கள். பெட்டியோடு ஒரு ஆள் எந்த பஸ்ஸிலும் ஏறாமல் நிற்பதை அவள் பதினைந்து விநாடி பொறுத்தாள். பதினாறாவது விநாடி கூண்டை விட்டு இறங்கி வந்தாள்.

"எங்க போகணும்?"

பயணி வேஷம் போட்டவர் ஊர் ஒன்றை யோசித்து வைத்திருக்கவில்லை. "எங்கயாவது..." என்று இழுத்தார்.

"எங்கயாவதுக்கு ஏழாம் நம்பர். கிளம்ப இருபது விநாடி இருக்கு. ஏறுங்க."

"இல்ல, நான் வந்து..."

"பெரியவரே, உங்களால ஏழாம் நம்பர் லேட்டாகக் கூடாது." கையைப் பிடித்தாள், ஏற்றினாள், சூட்கேஸை மடியில் வைத்தாள், விசில் ஊதினாள். பஸ் கிளம்பியது. பின் கண்ணாடி வழியே ஒரு கறுப்புக் கண்ணாடி ஊசியைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே சிறுத்து மறைந்தது.

ஊசி சிரிப்பை மஃப்ளர் இல்லாத குறைக்கு முந்தானையில் புதைத்துக்கொண்டு கூண்டருகே போனாள்.

"அடேயப்பா, டாண்ணு அனுப்பறீங்களே! மணி என்னங்க?"

"பதினொண்ணு பதினாலு" என்று மணிக்கட்டைத் திருப்பினாள் டைம் கீப்பர். அதே கையில் இன்னொரு வாட்சும் இருந்தது. அதில் இரண்டு நாற்பத்து நாலு.

"ரெண்டு வாட்சா?"

டைம் கீப்பர் சட்டென்று சட்டைக் கையை இழுத்துவிட்டாள். "ஒண்ணு ரிப்பேர்."

"விநாடி முள் ஓடுதே."

"ஓடும். தப்பா ஓடும்." ஒரு கணம் நிறுத்தி, "சரி பண்ற ஆளு ஒருத்தரைத் தெரியும். பேசறதில்ல" என்றாள். அதைச் சொன்னபோது மட்டும் விசில் உதட்டிலிருந்து இறங்கியது. அடுத்த கணமே ஒன்பதாம் நம்பர் டிரைவரைப் பார்த்து மறுபடி ஏறிவிட்டது.

ஊசி விரல் விட்டு எண்ணினாள். மூன்றரை மணி நேரம் முன்னால். சூரியன் மூன்றரை மணி நேரம் முன்னதாக உதிக்கிற ஊர். கிழக்கு!

*

பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளை. கடிகாரக்காரர் கொடுத்த கடிதத்தை டீச்சர் இரண்டு தடவை படித்தார்.

"தூக்கம் பத்தியா? நல்ல வேளை, நீங்களாவது வந்தீங்க. இந்தப் பொண்ணு ஒரு வெள்ளிக்கிழமை பூரா கொட்டாவி விடறா. அடுத்த வெள்ளிக்கிழமை பெஞ்சு மேல நிக்கறா. மாத்தி மாத்தி! நான் பாடம் நடத்தறதுலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டு இருக்கேன்."

இன்று கொட்டாவி வெள்ளி. மிளகு வந்தாள். உருண்டையான சின்ன முகம், இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பின்னிய சடை. தோளில் பை.

"ஆன்ட்டி, நீங்க போலீஸா?"

"இல்ல கண்ணு. போலீஸ் மாதிரி, ஆனா ஜீப் கிடையாது."

"அப்போ எதுல வந்தீங்க?"

"நான் நடந்து வந்தேன். எங்க சார் பஸ்ல போயிட்டாரு." ஊசி குனிந்தாள். "அம்மா வீடு பிடிக்குமா, அப்பா வீடு பிடிக்குமா?"

எல்லாரும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி. மிளகு அதைச் சட்டை செய்யவில்லை. "அம்மா வீட்டுல சாயங்காலம் சின்னது. அப்பா வீட்டுல பெருசு" என்றாள், ஒரு வீட்டில் குளியலறை சின்னது என்பது போல. "எல்லார் வீட்டுலயும் அப்படித்தானே?"

ஊசியின் மண்டைக்குள் எங்கேயோ ஒரு மணி அடித்தது. அது என்னவென்று பிடிப்பதற்குள் வாசலில் மஃப்ளர் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நிபுணர்.

"மூணாவது ஸ்டாப்லதான் நிறுத்தினான்" என்றார். "பரவாயில்ல. பஸ்ஸுக்குள்ளயும் சில தடயங்கள் கிடைச்சுது."

"என்ன சார் தடயம்?"

"அதை இப்போ சொல்ல முடியாது."

மிளகின் பையிலிருந்து நோட்டை டீச்சரே எடுத்துக் கொடுத்தார். கைமாற்று நோட்டு. சமரச அலுவலகத்தின் உத்தரவு: குழந்தை என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்று அன்றாடம் எழுதி, வெள்ளிக்கிழமை பையோடு மற்றவருக்கு அனுப்ப வேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத இருவர் குழந்தையைப் பற்றியாவது பேசிக்கொள்ள ஒரு ஏற்பாடு. அம்மா முதல் பக்கத்திலிருந்து எழுதியிருந்தாள். அவளுக்குக் கீழே எழுதுவது தன் மரியாதைக்குக் குறைவு என்று நினைத்த அப்பா, நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆறு மாதத்தில் இருவரும் இரண்டு முனையிலிருந்து நடந்து வந்து நடுப்பக்கத்தில் முட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள்.

அம்மாவின் எழுத்து பஸ் அட்டவணை மாதிரி இருந்தது. 'இரவு உணவு வருகை 6.35, புறப்பாடு 6.52. பல் தேய்ப்பு 7.10. தூக்கம் 7.20.' ஊசி முந்தைய நாட்களைப் புரட்டினாள். வெள்ளி 8.20. சனி 8.10. ஞாயிறு 8.00. தினமும் பத்துப் பத்து நிமிடமாகக் கழித்து, வியாழனன்று 7.20.

"பிடிச்சேன்!" என்று நிபுணர் கத்திய கத்தலில் மைதானத்தில் பந்து நின்றது. "புது ஊர் நேரத்துக்கு இப்பவே குழந்தையைப் பழக்கறா! வாரத்துக்கு எழுபது நிமிஷம்! கிழக்கே எழுபது நிமிஷம்! எப்படி?"

"அது சரி சார். ஆனா அடுத்த தடவை பாருங்க. மறுபடியும் வெள்ளி 8.20, சனி 8.10. எட்டு வாரமா இதே கதை. இறக்கின குழந்தையை மறுபடி மேல ஏத்தினது யாரு?" ஊசி நோட்டைத் தலைகீழாகத் திருப்பப் போனாள்.

நிபுணர் பிடுங்கி அக்குளில் வைத்துக்கொண்டார். "அது நம்ம கட்சிக்காரர் எழுதினது. கட்சிக்காரரைச் சந்தேகப்படறது தொழில் தர்மம் இல்ல ஊசி. இது ஆதாரம். நாலு மணி வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

நாலு மணி வரைக்கும் ஆதாரம் அவர் அக்குளிலேயே வெந்தது.

*

சமரச அதிகாரி அகலமான அம்மாள். மேஜையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பக்கத்தில் அவர் பக்கம் மட்டும் திரும்பும் ஒரு மின்விசிறி. ஒரு ஓரத்தில் கடிகாரக்காரர், மறு ஓரத்தில் டைம் கீப்பர். இருவரும் எதிரெதிர்ச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிளகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் வேற ஊர் போற எண்ணம் ஏதும் இல்லையே?" என்று கேட்டார் அதிகாரி. வருடா வருடம் கேட்கும் கேள்வி. ஸ்டாம்ப் ஏற்கெனவே கையில் இருந்தது.

"இல்ல" என்றார் கடிகாரக்காரர்.

"இல்ல" என்றாள் டைம் கீப்பர்.

"நிறுத்துங்கள்!" என்றார் நிபுணர். இந்த மாதிரி இடங்களில் அவருக்கு மேடைத் தமிழ் வந்துவிடும். "இந்த அறையில் இருப்பவர்களில் ஒருவர் சொல்வது பொய்!"

"நீங்க யாரு?"

"நிபுணர்."

"எதுல?"

நிபுணர் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கவில்லை. எழுந்தார், நடந்தார், மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டார். இரட்டை வாட்சைச் சொன்னார். 8.20, 8.10, 8.00 என்று நோட்டை வாசித்தார். ஏழாம் நம்பர் பஸ்ஸில் தான் 'வலியச் சென்று' வேவு பார்த்ததாகச் சொன்னார். கடைசியாகச் சுவரை நோக்கி விரலை நீட்டி, "கிழக்கு!" என்று முழங்கினார்.

"அது வடக்கு" என்றார் அதிகாரி. ஆனாலும் அவர் பார்வை டைம் கீப்பர் மேல் விழுந்தது. "வாட்சைக் காட்டுங்க."

டைம் கீப்பரின் முகத்தில் ஈயாடவில்லை. மெல்லச் சட்டைக் கையை ஏற்றினாள். கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துத் தானே மேஜையில் வைத்தாள். கிழக்கே ஒரு பெரிய ரயில் நிலையத்தில் தலைமை டைம் கீப்பர் வேலை. பதினெட்டு பிளாட்பாரம்.

"பதினெட்டு" என்றாள். "இங்க ஒன்பதுதான். சொன்னா இவரு விடமாட்டாரு. அதான்..."

கடிகாரக்காரர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி ஊசிக்குப் பிடிக்கவில்லை. அதிகாரி பெருமூச்சு விட்டு, ஸ்டாம்பை மையில் அழுத்தினார். "விதி உங்களுக்கே தெரியும்மா. ஒளிச்சதால குழந்தை முழுசா அப்பாகிட்ட..."

டைம் கீப்பர் விசிலைத் தேடிக் கழுத்தைத் தடவினாள். அது பஸ் நிலையத்தில் இருந்தது. எதையும் நிறுத்த அவள் கையில் ஒன்றும் இல்லை.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றாள் ஊசி. நிபுணர் வெற்றிக் களைப்பில் கண்மூடிச் சிந்திக்கத் தொடங்கியிருந்தார். அவர் அக்குள் தளர்ந்திருந்தது. நோட்டு சுலபமாக வந்தது.

"சார்" என்று கடிகாரக்காரரிடம் திரும்பினாள். "குழந்தை சூப்புல தலை வெச்சுத் தூங்கினா, ஊர் உலகத்துல எந்த அப்பாவா இருந்தாலும் டாக்டர்கிட்ட ஓடுவாரு. 'கிழக்கே போறா'ன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

"அது... அனுபவம்" என்றார் கடிகாரக்காரர்.

"எந்த அனுபவம்?"

ஊசி நோட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். அப்பாவின் எழுத்து பொடிப்பொடியாக, பூதக்கண்ணாடி வைத்து எழுதியது போல இருந்தது. "'வெள்ளி. வலது செருப்பு வார் தளர்வு. இறுக்கினேன். இருமல் இரண்டு. பத்து நிமிடம் தட்டி எழுப்பிக் கதை சொன்னேன். தூக்கம் 7.30.' சனி 7.40. ஞாயிறு 7.50." வாசிக்க வாசிக்க அவள் குரல் ஏறியது. "வியாழன், 8.30. இவங்க கீழ இறக்கறாங்க, நீங்க மேல ஏத்தறீங்க. அந்த வலது பாக்கெட் கடிகாரத்தைக் கொஞ்சம் எடுங்க சார்."

கடிகாரக்காரர் அசடு வழிந்தார். வழிந்துகொண்டே எடுத்து வைத்தார். உள்ளூர் நேரத்துக்குச் சரியாக மூன்று மணி நேரம் பின்னால்.

"மேற்கு!" என்றார் அதிகாரி.

"ஒரு மணிக்கூண்டு" என்று முணுமுணுத்தார் கடிகாரக்காரர். "நாலு முகம். நாலும் வேற வேற நேரம் காட்டுதாம். கூப்பிட்டாங்க."

"அப்போ என்னை மாட்டிவிட்டது?" என்றாள் டைம் கீப்பர். முதன்முறையாக எதிர்ச் சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"நீ ஒளிக்கறேன்னு நிரூபிச்சா குழந்தை என்கிட்ட வந்துடும். அப்புறம் நான் ஒளிக்க வேண்டியதே இல்லையே."

"அடப்பாவி!"

"நீ மட்டும்?"

அதிகாரி ஸ்டாம்பைக் கீழே வைத்தார். ஒரு காகிதத்தை எடுத்து உண்மையாகவே கூட்டிக் கழித்துப் பார்த்தார். "அம்மா ஒளிச்சதால குழந்தை அப்பாகிட்ட. அப்பா ஒளிச்சதால குழந்தை அம்மாகிட்ட. அதாவது ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க. இதுக்கா இவ்வளவு பேர் வந்தீங்க?" பிறகு கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "ஆமா, ஒரே நோட்டு. அவங்க எழுதினது இவர்கிட்ட வருது, இவர் எழுதினது அவங்ககிட்ட போகுது. எட்டு வாரமா ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

"அவ எழுதறதை நான் எதுக்குப் படிக்கணும்? நான் எழுதினதை அவ படிக்கத்தானே நோட்டு" என்றார் கடிகாரக்காரர்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள் டைம் கீப்பர்.

மின்விசிறி மட்டும் அதிகாரி பக்கமாகத் திரும்பியது.

"சரி" என்றார் அதிகாரி. "நோட்டை மாத்திப் பிடிங்க. சத்தமாப் படிங்க. படிச்சு முடிக்காம ஸ்டாம்ப் கிடையாது."

முதலில் இருவரும் அரசவைக் கட்டியக்காரர்கள் மாதிரி விறைப்பாகப் படித்தார்கள். "'முன்பல் ஆட்டம் 6.10. விழுந்தது 6.48. அழுகை நான்கு நிமிடம். பல்லைத் தீப்பெட்டியில் வைத்தாள், அப்பாவிடம் காட்ட'" என்று படித்த கடிகாரக்காரர் நின்றார். "காட்டவே இல்லையே" என்றார் மெதுவாக. "ஆமா, ஒரு தீப்பெட்டி இருந்துச்சு. காலின்னு நினைச்சு..."

டைம் கீப்பர் தலைகீழ் எழுத்தில் விரல் வைத்திருந்தாள். "'ஒரு பக்கச் சடை மட்டும் பின்ன வருகிறது. மறு பக்கம் அவள் அம்மா பின்னுவது போல வரவில்லை. நான்கு முறை பிரித்தேன்.'" அவள் இருமினாள். "பின்பக்கம் இருந்து பின்னணும். முன்னாடி நின்னு பின்னினா எப்படி வரும்?"

"அது எங்க எழுதியிருந்துச்சு?"

"நீ கேட்டியா?"

கதவு திறந்தது. மிளகு வாயைப் பிளந்து ஒரு முழு நீளக் கொட்டாவி விட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

"படம் முடிஞ்சிடுச்சு. இன்னிக்கு எத்தனை மணிக்குத் தூங்கணும்?"

இருவரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள்.

"எட்டரை" என்றார்கள் இருவரும்.

சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துத் திடுக்கிட்டார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் தொடங்கிய சண்டைக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் நேரம் அது.

அதிகாரி இரண்டு தாள்களைத் தள்ளினார். "போறதா இருந்தா அறுபது நாளுக்கு முன்னாடி எழுதிக் கொடுங்க. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சுக் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா பழைய ஒப்பந்தம்."

டைம் கீப்பர் தாளைப் பார்த்தாள். மிளகைப் பார்த்தாள். தாளைத் தொடாமல், கையிலிருந்து இரண்டாவது வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கடிகாரக்காரர் தன் தாளை மடித்து நோட்டின் நடுப்பக்கத்தில் அடையாளத்துக்குச் செருகினார். அவர் கை பழக்கதோஷத்தில் அந்த வாட்சை எடுத்தது. திருகைச் சுற்றி, மூன்றரை மணி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, இடது பாக்கெட் கடிகாரத்தைப் பார்த்துச் சரிசெய்து நீட்டினார்.

டைம் கீப்பர் வாங்கினாள். மணிக்கட்டில் இருந்த தன் வாட்சோடு ஒத்துப் பார்த்தாள். நாலு நிமிடம் பின்னால் இருந்தது.

அறையில் எல்லாரும் காத்திருந்தார்கள். அவளுடைய உதடு விசில் ஊதுவது போலக் குவிந்தது.

முள்ளைத் திருத்தவில்லை. அந்த வாட்சையே கட்டிக்கொண்டாள்.

டொக் என்று விழுந்தது ஸ்டாம்ப். பழைய ஒப்பந்தம், இன்னும் ஒரு வருடம். சத்தத்தில் நிபுணர் கண் விழித்தார்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பொதுவாக. "இது முழுக்க முழுக்கத் தூக்க சம்பந்தமான வழக்குன்னு."

"உங்களை விட அனுபவசாலி யாரு சார்" என்றாள் ஊசி.

வெளியே வந்தார்கள். தெருவில் முன்னால் மூன்று பேர் போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் மிளகு, இரண்டு பக்கமும் சமமாக, இரண்டு அடி இடைவெளியில் அப்பாவும் அம்மாவும். பின்பக்கம் இருந்து சடை பின்னுவது எப்படி என்று ஒருத்தி காற்றில் விரலாட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நிபுணர் மஃப்ளரைச் சரிசெய்தபடி சிறிது தூரம் நடந்தார். பிறகு வேறு யாருக்கும் கேட்காத குரலில், "ஊசி, ஒண்ணே ஒண்ணு மட்டும் பிடிபடல. கடைசில யாருதான் எங்க போறாங்க?" என்றார்.

"யாரும் எங்கயும் போகல சார். இன்னிக்கு ஊர்லயே நகர்ந்தது நீங்க மட்டும்தான். மூணு ஸ்டாப்."